முப்பத்தெட்டு மைக்ரோ நொடி

எட்டுப் பேர் தனித்தனியே எழுதிய நாட்குறிப்பை
ஒரே தாளில் கலந்து அடித்தாற்போல் இருக்கிறது.
ஒன்று, பூட்டை எடுத்தேன் என்கிறது.
ஆறு, சும்மா இருந்தேன் என்கிறது.
மறுபடி ஆறு: சும்மா.
நாலு ஏதோ சொல்ல வாயெடுக்கும் இடத்தில்
குறுக்கே ஒரு வரி:
இங்கே நூற்று நாற்பத்தாறு நிகழ்வுகள் தொலைந்தன.

தொர்னியோ உருக்காலையில்
ஒன்பது நாளுக்கு ஒருமுறை
தகடு உருட்டும் எந்திரம் நின்றுவிடும்.
புகை இல்லை, உடைசல் இல்லை.
செக்கச் சிவந்த தகடு பாதி வழியில் கிடந்து
கறுத்துப் போகும்.
நடப்பதையெல்லாம் திரையில் அச்சிடு என்றோம்:
இருபது நாள் சமர்த்தாக ஓடியது.
அச்சிடும் தாமதமே அதற்கு மருந்து.
கடைசியில் கர்னலின் வளைய பஃபருக்குள்
சத்தமில்லாமல் எழுதவிட்டு
நின்ற நொடியில் அப்படியே உறையவைத்தோம்.

எழுபது பக்கம்.
ரவுனி தன் மகனின் பள்ளிப் பெட்டியிலிருந்து
எட்டு வண்ணப் பென்சில் கொண்டுவந்தாள்,
பிராசஸருக்கு ஒன்று.
மஞ்சள் தாளில் தெரியவில்லை,
ஆறாமவனுக்கு மட்டும் காப்பிக்கறை நிறம்.

தாள் சொன்ன கதை இது:
இரண்டாவதில் ஓடிய திரி தூங்கப் போனது.
பன்னிரண்டு மைக்ரோ நொடி கழித்து
ஐந்து அதை எழுப்பியது.
அது எழவில்லை.
மூன்று வாரம் நாங்கள் திட்டியது
அந்தத் தூங்குமூஞ்சியை.
கூப்பிட்டது எழுத்தில் இருக்கிறது, ஐயா,
அப்புறம் என்ன உறக்கம்?

நாற்பத்தொன்றாம் பக்கத்தில்தான் ரவுனி நிறுத்தினாள்.
ஐந்து ஒரு செய்தி அனுப்புகிறது,
இரண்டு அதை வாங்குகிறது.
வாங்கிய வரி மேலே,
அனுப்பிய வரி கீழே,
நடுவே முப்பத்தாறு மைக்ரோ நொடி.
சொல்லும் முன்னே எப்படிக் கேட்டான்?
அவள் சிரிக்கவில்லை. பென்சிலைக் கடித்தாள்.
பயணத்துக்கு இரண்டு சேர்த்தாள். முப்பத்தெட்டு.
ஐந்தின் கடிகாரம் அவ்வளவு முந்தி ஓடுகிறது.

இதை நான் முதலிலேயே கண்டிருக்க வேண்டும்.
வீடு ஹாப்பரண்டாவில், வேலை தொர்னியோவில்,
நடுவில் ஒரு பாலம், ஒரு மணி நேரம்.
ஆறுக்கு வருகிறேன் என்றால்
எந்த ஆறு என்று கேட்கும் கணவனோடு
பதினோரு வருடம்.

கத்தரித்தோம். பச்சை வரிகளை மட்டும் தனியே வெட்டி
மேசைமேல் மேலே நகர்த்தினோம்.
எழுப்பிய வரி
தூங்கிய வரியைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது,
இருபத்தாறு மைக்ரோ நொடி முன்னால்.

அவ்வளவுதான்.
வேலை உண்டா என்று பார்த்தது, இல்லை.
படுக்கத் திரும்பியது.
திரும்பிய அந்த இடுக்கில் வேலை வந்தது,
ஐந்து குரல் கொடுத்தது,
விழித்திருப்பவனை எப்படி எழுப்புவது
என்று குரல் கலைந்தது.
பிறகு இது படுத்தது.
பொய் சொன்னவன் ஒருவனும் இல்லை.

திருத்தம் ஒரு வரி. புதிதுகூட இல்லை,
இருந்ததை இரண்டு வரி மேலே ஏற்றினோம்:
தூங்கப் போகிறேன் என்று முதலில் எழுதிவை,
வேலை உண்டா என்று அப்புறம் பார்.
ரவுனி பென்சில்களைப் பெட்டியில் அடுக்கினாள்.
பச்சை பாதியாகியிருந்தது.
புதிதாக ஒன்று வாங்கவேண்டும் என்றாள்,
பையன் காடு வரைகிறான்.

ஆறரைக்குக் கிளம்பி
ஐந்தே முக்காலுக்கு வீடு சேர்ந்தேன்.
கதவு பூட்டியிருந்தது.
படியில் பனி, அதில் சிக்ஸ்தனின் காலடிகள்
பாலத்தின் பக்கமாய்.
ஆலை வாசலில் போனைப் பார்த்தது நினைவிருக்கிறது.
ஒன்றும் இல்லை.
பைக்குள் போட்டேன்,
கையுறை மாட்டினேன்.